பழைய காருக்கு ஏசி வைக்கிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

சேலத்தில் பழைய கார் மோகம் திரும்பியிருக்கிறது. பத்மினி, அம்பாசிடர், எப்போதாவது ஒரு ஹெரால்ட். வாங்கியவர்கள் முதல் சித்திரை வெயிலிலேயே ஏசி கேட்டு வருகிறார்கள். சிலர் வீடியோ பார்த்துத் தாங்களே வேலையில் இறங்கிவிடுகிறார்கள். இறங்கட்டும், நல்லதுதான். ஆனால் நாங்கள் தொழில் பழகிய காலத்தில் செய்த அதே கோளாறுகளை வரிசை மாறாமல் இவர்களும் செய்வதைப் பார்த்தால் சும்மா இருக்க முடியவில்லை. பெல்ட் தளர்வு, ஃபியூஸ் மறதி போன்றவற்றை விடுகிறேன். அவை அன்றைக்கே தெரிந்துவிடும். மெதுவாக வந்து பர்ஸைக் காலி செய்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

டைனமோவை அப்படியே விடுவது

உங்கள் வண்டியில் பேட்டரியை சார்ஜ் செய்வது இன்னும் பழைய டைனமோதான் என்றால் ஏசியை நினைக்கவே வேண்டாம். நல்ல வேகத்தில் ஓடும்போதே அது 22 ஆம்பியர் வாக்கில்தான் தரும். ஐடிலில் ஒன்றுமே தராது என்று வைத்துக்கொள்ளலாம். கேஸின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சரின் ஃபேன், உள்ளே புளோயர், கம்ப்ரசர் கிளட்ச் மூன்றும் சேர்ந்தாலே 20 ஆம்பியர் பக்கம் போய்விடும். அதற்கு மேல் ஹெட்லைட், வைப்பர். பகலில் கொண்டலாம்பட்டி பைபாஸில் ஓட்டிவிட்டு "சூப்பரா இருக்குண்ணா" என்பார்கள். ராத்திரி ஐந்து ரோடு நெரிசலில் மாட்டினால் மறுநாள் காலையில் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். முதலில் டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர். பழைய ரெகுலேட்டர் பெட்டியை இணைப்பிலிருந்து எடுத்துவிட்டு, ஒயரையும் தடிமனாக மாற்றுங்கள். ஏசி கிட் அப்புறம்.

டாஷ்போர்டை வெட்டுவது

வெட்டாதீர்கள். அடியில் தொங்கவிடும் யூனிட் இருக்கிறது.

முள் 29-க்கு வரவில்லை என்று பிரித்துப் போடுவது

எனக்கு இன்னும் எரிச்சல் அடங்காத விஷயம் இதுதான்.

ஏற்காட்டில் ஓர் எஸ்டேட் பங்களாவில் ஒரு அம்பாசிடர். ஒரு தம்பி மேலேயே தங்கி கம்ப்ரசர், கண்டென்சர், கூலிங் காயில், ஹோஸ் எல்லாவற்றையும் அழகாகவே மாட்டியிருந்தார். கடைசியில், கேஸ் ஏற்றும் முன் உள்ளேயுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சும் வேக்குவம் பம்பைப் போட்டால் கேஜ் முள் 25-க்கு மேல் நகரவில்லை. வீடியோவில் 29 என்று சொல்லியிருந்தார்களாம். லீக் என்று அவராகவே முடிவு செய்துகொண்டு எல்லா ஜாயின்ட்டையும் பிரித்து ஓ-ரிங் மாற்றினார். பஞ்சர் கடை கம்ப்ரசரைக் கொண்டுவந்து காற்றடித்து, சோப்பு நுரை வைத்துப் பார்த்தார். கேஸிலுள்ள ஈரத்தைப் பிடிக்கும் டிரையர் வாயைத் திறந்தபடி ராத்திரி முழுக்க பெஞ்சில் கிடந்தது. வெளியே ஐப்பசி மழை. மறுநாளும் முள் 25-லேயே நின்றது. அப்புறம்தான் எனக்குப் போன்.

வண்டியில் லீக்கே இல்லை. கேஜில் பூஜ்யம் என்பது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம். அதிலிருந்து எவ்வளவு கீழே இறங்கினோம் என்பதைத்தான் முள் காட்டும். கடல் மட்டத்தில் 30 அங்குலம் (பாதரசக் கணக்கு) வரை இறங்க இடமுண்டு. சேலத்தில் 29-ஐ ஒட்டி. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றின் மொத்த அழுத்தமே 25 அங்குலம்தான். இல்லாததை எந்தப் பம்பும் உறிஞ்ச முடியாது. பார்க்க வேண்டியது முள் எங்கே நிற்கிறது என்பதை அல்ல, பம்ப் பக்க வால்வை மூடிய பிறகு அங்கேயே நிற்கிறதா என்பதைத்தான். அரை மணி நேரம் அசையாமல் நின்றால் வேலை சுத்தம்.

சரி, பிரித்ததில் என்ன போயிற்று என்று கேட்கலாம். ஈரம் போயிற்று, உள்ளே. டிரையருக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகள், மூடி இல்லாத உப்பு ஜாடி மாதிரி மழைக்காற்றை இழுத்துக்கொள்ளும். ஒரு ராத்திரி திறந்து கிடந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். பஞ்சர் கடைக் காற்று அதைவிட மோசம். அந்த டேங்கின் அடியிலுள்ள திருகைத் திறந்து பாருங்கள், துருநிறத்தில் தண்ணீர் கொட்டும். லீக் பார்க்க நைட்ரஜன் சிலிண்டரும் ரெகுலேட்டரும் வேண்டும், ஃபிரிட்ஜ் மெக்கானிக்கிடம் கேட்டால் தருவார். ஆக்ஸிஜனை மட்டும் எடுத்துவிடாதீர்கள். எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும்.

மலைக் குளிர் இன்னொரு தொல்லை. பம்ப் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாகத்தான் வெளியே எடுக்கிறது. சேலத்து வெயிலில் சூடேறிய குழாயில் அது சீக்கிரம் நடக்கும். 18 டிகிரியில் அதே ஈரம் கிளம்ப மனசே வராது. மேலேதான் வேலை என்றால் கூலிங் காயில் பக்கம் ஒரு ஹாலஜன் விளக்கைப் போட்டுவிட்டு, பம்பை இரண்டு மணி நேரமாவது ஓடவிடுங்கள். இல்லையென்றால் வண்டியைக் கீழே கொண்டுவந்துவிடுங்கள், அதுதான் சுலபம்.

டிரையரை மாற்றச் சொன்னேன். புதுசுதானே என்று அதையே மாட்டிக் கேஸ் ஏற்றிவிட்டார். கொஞ்ச நேரம் ஜில்லென்று வரும், அப்புறம் வெறும் காற்று. அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் போட்டால் மறுபடி ஜில். ஈரம், கூலிங் காயிலுக்குள் கேஸை விடும் எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துளையில் உறைந்து அடைக்கிறது, உருகினால் விடுகிறது. இந்த அடையாளத்தைப் பார்த்ததும் நிறுத்தியிருந்தால் டிரையர் காசோடு போயிருக்கும். கேஸ் குறைவு என்று நினைத்து மேலும் ஏற்றினார். ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உள்ளே அரித்தது. அடுத்த கோடையில் கம்ப்ரசர் இறுகி நின்றபோது உள்ளிருந்து வடிந்த எண்ணெய் கருகிய புளிக்கரைசல் நிறத்தில் இருந்தது. கம்ப்ரசர், வால்வு, டிரையர், ஃபிளஷிங் எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

டிரையரைக் கடைசியில் மாட்டுங்கள். அதுவரை மூடியைத் தொடாதீர்கள்.

பழைய கிட்டில் புதுக் கேஸ்

ஆர்-12 என்ற பழைய கேஸ் காலத்து செட் எங்காவது மலிவாகக் கிடைக்கும். அதில் இருப்பது மினரல் ஆயில். இன்றைய ஆர்-134ஏ கேஸோடு அது கலக்காது. எண்ணெய் காயிலில் தங்கிவிடும், கம்ப்ரசர் வறண்டு ஓடும். முழுக்க ஃபிளஷ் செய்து எண்ணெய், ஓ-ரிங், டிரையர், ஹோஸ் நான்கையும் மாற்ற வேண்டும். மாற்றி முடித்துக் கணக்குப் போட்டால் மலிவாகத் தெரியாது.

சமையல் கேஸ் ஏற்றுவது

காருக்குள் தீயை வைத்துக்கொண்டு உட்காருவது. வேண்டாம்.

அடிவாரத்தில் அணைக்காமல் மலை ஏறுவது

பத்மினி 1,089 சிசி, 40 குதிரைசக்தி வாக்கில். கம்ப்ரசர் அதில் மூன்று நான்கைப் பிடுங்கிக்கொள்ளும். கண்டென்சர் சூட்டைத் தள்ளுவதோ நேராக ரேடியேட்டர் மேல். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் முதல், இரண்டாம் கியரில் ஊர்ந்து ஏறும்போது எதிர்க்காற்றும் கிடையாது. போதாததற்கு உயரம் போகப் போகத் தண்ணீர் கொதிக்கும் சூடும் குறையும். ஏற்காட்டில் திறந்த பாத்திரத்தில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தம் பிடிக்காவிட்டால் பாதி மலையில் ஆவி பறக்கும். கிட் மாட்டும் முன்பே ரேடியேட்டரைக் கழற்றி ராடு விட்டுச் சுத்தம் செய்து, மூடியையும் மாற்றிவிடுங்கள். அழுத்தம் எல்லை மீறினால் கம்ப்ரசரை நிறுத்தும் ஹை பிரஷர் சுவிட்ச் இல்லாத கிட்டை வாங்கவே வாங்காதீர்கள்.

ஏறும்போது அடிவாரத்திலேயே ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள்; சில வளைவுகள் தாண்டினால் அது தேவையும்படாது. மேலே போனபின் மூடுபனியில் கண்ணாடி உள்பக்கம் மங்கினால் மட்டும் கொஞ்ச நேரம் போடுங்கள், உள்ளே இருக்கும் ஈரத்தை எடுத்துவிடும்.