பழைய மாருதி 800-ஐத் தேர்ந்தெடுத்துக் கண்காட்சிக்குத் தயார் செய்வது எப்படி?

ஜப்பான் கிளாசிக் கார் என்றதும் டொயோட்டா 2000ஜிடி, டாட்சன் 240இசட் என்று நம் கைக்கு எட்டாத வண்டிகள்தான் ஞாபகத்துக்கு வரும். அமெரிக்காவின் லாங் பீச்சில் பழைய ஜப்பானியக் கார்களுக்கென்றே 2005 முதல் கண்காட்சி நடக்கிறது. அந்தப் படங்களைப் பார்த்து ஏங்காத கார் பிரியர் கிடையாது. ஆனால் நம் வடசென்னையில், தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ ஏதாவது ஒரு வீட்டு வாசலில், கவர் போட்டு மூடிய ஜப்பான் கார் ஒன்று இப்போதும் நிற்கும். அது மாருதி 800.

1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் மாருதியின் சாவியை எடுத்துக் கொடுத்தார். பெயர்தான் மாருதி, வண்டி சுசுகி ஃப்ரான்டே, எஞ்சின் மூன்று சிலிண்டர் 796 சிசி. ஃபிவா என்ற சர்வதேசப் பழைய வாகனக் கூட்டமைப்பு, 30 வயது தாண்டி, அசல் நிலை கெடாமல் பராமரிக்கப்படும் வண்டியை வரலாற்று வாகனம் என்கிறது. அந்தக் கணக்கில் 1980-களின் மாருதிக்குத் தலைநிமிர்ந்து நிற்கத் தகுதி உண்டு.

1. எந்த மாடல்?

1983 முதல் 1986 வரை வந்தது எஸ்எஸ்80. அதற்கப்புறம் வந்தது எஸ்பி308. சந்தேகம் இருந்தால் பின்பக்கம் குனிந்து பாருங்கள். பட்டைப் பட்டையாக லீஃப் ஸ்பிரிங் இருந்தால் எஸ்எஸ்80, சுருள் சுருளாகக் காயில் ஸ்பிரிங் இருந்தால் எஸ்பி308. எஸ்எஸ்80 அபூர்வம்தான், ஆனால் அதற்கு விளக்கு, கண்ணாடி, பம்பர் தேடி அலைய வேண்டியிருக்கும். முதல் வண்டிக்கு, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் பாகம்) வைத்த எஸ்பி308 போதும் என்பேன்.

2. தகரத்தைப் பாருங்கள், எஞ்சின் அப்புறம்

வடசென்னையில் வண்டி பார்க்கும்போது இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடல் காற்று சும்மா வருவதில்லை, உப்போடு வருகிறது. மார்கழிப் பனியும் அந்த உப்பும் தகரத்தின் மடிப்புகளில் சேர்ந்தால் துரு உள்ளிருந்தே அரிக்கும். மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் தேங்கி, வண்டி அதில் நின்றிருந்தால் கேட்கவே வேண்டாம். எஞ்சின் போனால் வேறு எஞ்சின் கிடைக்கும். பாடி போனால் காசு, நேரம் இரண்டும் கரையும்.

ஒரு சின்னக் காந்தம், டார்ச், ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக்கொண்டு போங்கள். பெயின்டில் கீறல் விழாமல் இருக்கக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவின் கீழ்ப்பகுதியிலும் பின்சக்கர வளைவிலும் மெதுவாக நகர்த்துங்கள். டக்கென்று பிடித்தால் உள்ளே இரும்பு இருக்கிறது. பிடிக்காமல் வழுக்கினால் அங்கே பட்டி என்ற நிரப்புப் பசையைப் பூசி மறைத்திருக்கிறார்கள். விரல் முட்டியால் தட்டியும் பாருங்கள்: நல்ல தகரம் கணீரென்று ஒலிக்கும், பட்டி மொத்தென்று கேட்கும்.

அப்புறம் டிரைவர் காலடியில் இருக்கும் தரை விரிப்பைத் தூக்குங்கள். தூக்க வேண்டாம் என்று விற்பவர் தடுத்தால், கட்டாயம் தூக்கிப் பார்க்க வேண்டிய இடம் அதுதான். தரைத் தகரத்தை ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டுங்கள். பொடிப் பொடியாக உதிர்ந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம். பேனட்டைத் திறந்து பேட்டரித் தட்டையும், முன் சஸ்பென்ஷன் மேலே வந்து போல்ட் ஆகும் இடத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். அந்த போல்ட்டைச் சுற்றி ஓட்டை விழுந்த வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், ஓட்டுவதற்கே ஆபத்து.

3. பேப்பர்

சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டும் ஆர்.சி. புக்கோடு பொருந்த வேண்டும். பழைய கடன் பதிவு ரத்தாகியிருக்க வேண்டும். 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் ‘விஏ’ என்ற தனி நம்பர் வரிசை கொண்டுவந்தார்கள். நம் மாருதிக்கு அது பொருந்தாது. 15 ஆண்டு முடிந்த எல்லா சொந்த வண்டியையும் போல எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இப்போதைய ‘டிஎன்’ வரிசைக்கு முந்தைய, ‘டி’ எழுத்தில் தொடங்கும் பழைய நம்பரோடு வண்டி கிடைத்தால் அந்த நம்பரை விட்டுவிடாதீர்கள். கண்காட்சியில் அதற்கென்றே தனி மரியாதை உண்டு.

4. துருவை நிறுத்துவது

மேல் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியைத் தடவி, டப்பாவில் சொன்ன நேரம் விட்டு, துடைத்துக் காயவையுங்கள். அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். ராயபுரத்தில் ஒரு ராத்திரி திறந்த தகரத்தை அப்படியே விட்டால் காலையில் மறுபடி செம்மை பூத்திருக்கும். ஓட்டை விழுந்த இடத்தை வெட்டிவிட்டுப் புதுத் தகரம் வைத்து வெல்டு செய்யச் சொல்லுங்கள். மேலேயே பட்டி அப்புகிற டிங்கரிடம் (தகர வேலைக்காரரிடம்) வேலை கொடுக்காதீர்கள்.

கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடிவதற்குச் சின்னத் துளைகள் இருக்கும். பழைய கம்பி ஒன்றால் அவற்றைக் குத்தி அடைப்பெடுங்கள். ஐந்து நிமிட வேலை, கதவின் ஆயுள் கூடும். வண்டியை மூடுவதற்குத் துணிக் கவர்தான் நல்லது. பிளாஸ்டிக் ஷீட் போட்டால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

5. ஸ்டார்ட் செய்வதற்கு முன்

நாள்பட நின்ற வண்டியில் டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை முழுக்க வடித்துவிடுங்கள். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் அதிகம். அது பழைய ரப்பர் ஹோஸை இளக்கி, ஈரத்தையும் இழுக்கும். அதனால் ஹோஸ், ஃபில்டர் இரண்டையும் எத்தனால் தாங்குகிற வகையில் புதிதாக மாற்றுங்கள். ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாம் புதிது. டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால் யோசிக்காமல் மாற்றுங்கள். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்து தரும் டெல்கோவைத் (டிஸ்ட்ரிபியூட்டர்) திறந்து, உள்ளே இருக்கும் பாயிண்ட் என்ற தொடுமுனை கருகியிருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். உதிரி பாகத்துக்குப் புதுப்பேட்டையும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் இருக்கவே இருக்கின்றன. பழைய பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் கடைக்காரர் ஒப்பிட்டுத் தருவார்.

6. கண்காட்சி

முதலில் வண்டி இல்லாமல் பார்வையாளராக ஒருமுறை போங்கள். சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற அமைப்புகள் இருக்கின்றன. எந்த வண்டிகளைச் சேர்ப்பார்கள், வயது வரம்பு என்ன என்று அவர்களிடமே நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அலாய் வீல், எல்இடி விளக்கு, பளபள ஸ்டிக்கர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். அசல் 12 அங்குலச் சக்கரம், அசல் ஹப் கேப், அசல் சீட் துணி இருந்தால், கொஞ்சம் மங்கியிருந்தாலும் அப்படியே விடுங்கள். மங்கிய அசல் சீட்டைக் கழற்றிவிட்டுப் புது ரெக்சின் போடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அது போனால் திரும்ப வராது.

டேஷ்போர்டில் சின்ன அட்டை வையுங்கள்: வருடம், மாடல், எஞ்சின், எந்தெந்த பாகம் அசல், எது மாற்றியது. மாற்றியதை மறைக்காமல் எழுதுங்கள். ஒரு பக்கெட், மைக்ரோ ஃபைபர் துணி, தண்ணீர் பாட்டில், ஸ்பேர் பெல்ட் டிக்கியில் இருக்கட்டும். காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிவிட்டால் எஞ்சின் சூடேறும்.

அடுத்தவர் வண்டியை அனுமதி கேட்காமல் தொடாதீர்கள். ஆனால் தயங்காமல் பேசுங்கள். “சார், இந்த ஹப் கேப் எங்கே வாங்கினீங்க?” என்று கேட்டால் பெரும்பாலும் கடை முகவரியோடு பதில் வரும். அந்த முகவரிகளை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள், அடுத்த ரிப்பேருக்கு உதவும்.