தாத்தா எப்படிக் கிழவரானார்? ஊர்க் கதைகளை இணையத்தில் வாசிப்பவர்கள் விடும் பிழைகள்

மட்டக்களப்பில் இருபது வருடம் தட்டச்சுக் கடை வைத்திருந்தேன். கல்யாண அட்டை, 31ஆம் நாள் நினைவு மலர், கோயில் நோட்டீஸ், நடுநடுவே யாராவது ஒருவரின் சிறுகதைத் தொகுப்பு. இப்போது கடை இல்லை. சனிக்கிழமை பின்னேரங்களில் ஐந்தாறு பேர் எங்கள் வீட்டு விறாந்தையில் கூடி, கிழக்கு மாகாணத்துக் கதை ஒன்றை எடுத்து வாசிக்கிறோம். வருகிறவர்களில் பாதிப் பேர் பல்கலைக்கழகப் பிள்ளைகள். கையில் புத்தகம் இருக்காது, ஃபோன்தான். அதில் எனக்குக் குறையில்லை. என் கடையில் உருவான தொகுப்பு ஒன்றுகூட 500 பிரதிக்கு மேல் அச்சாகவில்லை. ஃபோனிலும் இல்லையென்றால் அவை எங்கேயும் இல்லை.

போன மாதம் ஒரு பிள்ளை, தான் வாசித்த கதையைப் பற்றிச் சொன்னாள். அம்பாறைப் பக்கத்து முஸ்லிம் கிராமத்தில் நடக்கும் கதை. "ஒரு தாத்தாவுக்கும் பேரனுக்கும் உள்ள பாசம், சேர்" என்றாள். அந்தக் கதையில் பேரனே கிடையாது. ஒரு தம்பி இருக்கிறான், அவனைத் தூக்கி வளர்த்த தாத்தா இருக்கிறா. கிழக்கு முஸ்லிம்களின் பேச்சில் தாத்தா என்றால் அக்கா.

"தாத்தா முக்காட்டை இழுத்துவிட்டா என்று வருகுதே, அதை என்னவென்று நினைத்தாய்?"

"வயசான ஆள், குளிருக்குப் போர்த்தியிருப்பார் என்று நினைத்தேன், சேர்."

ஃபோனிலுள்ள செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டிருக்கிறாள். அது தமிழ்நாட்டுத் தாத்தாவைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. நல்ல வேளை, அந்தப் பக்கம் போகவில்லை.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முழுதாகச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் இதைவிட மோசமான வேலையை நான் காசு வாங்கிக்கொண்டு செய்திருக்கிறேன். அதற்குக் கொஞ்சம் பிறகு வருகிறேன். பாஸ்வேர்டை மறப்பது, டேட்டா முடிந்த பிறகு பெரிய பி.டி.எஃப் கோப்பை இறக்கப் பார்ப்பது போன்றவற்றை எழுதப்போவதில்லை. ஒரு தரம் பட்டால் யாரும் தானாகத் திருந்திவிடுவார்கள்.

ஒரு தரம் தேடிவிட்டு "இல்லை" என்பது

2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் இலங்கைத் தமிழ்ப் புத்தகங்களும் சஞ்சிகைகளும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து கிடக்கின்றன. காசு கேட்பதில்லை. ஆனால் பல கோப்புகளில் பக்கங்கள் வெறும் படங்கள். கதைக்குள் வரும் ஒரு சொல்லைத் தேடும் பெட்டியில் போட்டுவிட்டு ஒன்றும் வரவில்லை என்று எழும்பி வந்துவிடக் கூடாது. தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் போட்டுத் தேடுங்கள்.

அதையும் ஒரே எழுத்துக்கூட்டலில் தேடாதீர்கள். முகமது, முகம்மது, முஹம்மது, முஹம்மத்: நான்கும் நமக்கு ஒரே பெயர், கணினிக்கு நான்கு பேர். ஸ்ரீ என்று தேடினால் சிறி வராது. அக்கரைப்பற்று சில பழைய பக்கங்களில் அக்கறைப்பற்று. நம் பக்கத்து அச்சில் லொறி, றோட்டு, ரீவி. லாரி என்று அடித்தால் லொறி ஏன் நிற்கப்போகிறது? நான் ஒரு கொப்பியில் இப்படியான சோடிகளை எழுதி வைத்திருக்கிறேன். பத்துப் பக்கம் தாண்டிவிட்டது.

பாமினியை அப்படியே ஒட்டுவது

ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. பாமினி எழுத்துருவில் அடித்த "தமிழ்" என்ற சொல், அந்த எழுத்துரு இல்லாத ஃபோனில் இப்படித்தான் தெரியும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த ஏற்பாடு அது. இலங்கையில் என்னைப் போன்ற கடைக்காரர்கள் வருடக்கணக்காக அதில்தான் அடித்தோம். ஆகவே யாராவது பழைய வேர்ட் கோப்பு அனுப்பி, அதில் ஆங்கிலக் கிறுக்கல் மட்டும் தெரிந்தால் கெட்டுப்போனது என்று அழித்துவிடாதீர்கள். எல்லா ஃபோனிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடுக்கு மாற்றும் பக்கங்கள் இணையத்தில் இலவசமாக உண்டு. கதைக்கு நடுவில் உண்மையான ஆங்கிலச் சொல் வந்திருந்தால் அதையும் சேர்த்துத் தமிழாக்கிக் குழப்பிவிடும், அதை மட்டும் கையால் சரிசெய்ய வேண்டும்.

திருத்திய பிரதியை மூலம் என்று வைத்துக்கொள்வது

இதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருவது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2010இல் ஒரு பெண் கடைக்கு வந்தா. அவவின் தகப்பன் ஆசிரியராக இருந்து இளைப்பாறிக் காலமானவர். எழுபதுகளில் சஞ்சிகைகளில் கதை எழுதியிருக்கிறார். கத்தரித்து ஒட்டி வைத்த ஒரு பழைய கொப்பியும் ஆண்டு நிறைவுக்குத் தொகுப்பாகக் கொண்டுவர வேண்டும் என்ற ஆசையுமாக வந்திருந்தா. கடையில் நின்ற பொடியன் எழுத்துப் பிசகாமல் பாமினியில் அடித்தான். நான் அதை யுனிகோடாக்கி, புதிதாகக் கிடைத்த பிழைதிருத்தியில் ஓடவிட்டேன். பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு. மறுகா என்ற சொல்லுக்குக் கீழே கோடு. மனே என்ற சொல்லுக்குக் கீழே கோடு. மறுகா என்றால் பிறகு, மனே என்றால் மகனே என்று மட்டக்களப்பில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் பிழை விட்டுப் பிடிபட்ட மாணவன் மாதிரி ஆகிவிட்டேன். அது காட்டிய பட்டியலில் முதலில் இருந்த "மறுபடி"யைத் தெரிவுசெய்து, எல்லா இடத்திலும் மாற்று என்று ஒரே அழுத்து. மனே எல்லாவற்றையும் மகனே ஆக்க இன்னொரு அழுத்து. கோடுகள் மறைந்தன. நல்ல வேலை செய்ததாக நினைத்துத் தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

அச்சாகி வந்த பிறகுதான் தெரிந்தது. கதையில் ஒரு சங்கக்கடை மனேஜர் வருவார். அவர் "மகனேஜர்" ஆகியிருந்தார். வயல் சேற்றில் ஒரு காலை இழுத்து மறுகாலை வைக்கிற ஒருவன் "மறுபடிலை" வைத்தான். இவை பரவாயில்லை, சிரித்துவிட்டுப் போகலாம். உண்மையான நட்டம் வேறு. அந்த ஆசிரியர் சில இடங்களில் தானே "மறுபடி" என்றும் எழுதியிருந்தார். இப்போது அவருடைய மறுபடி எது, நான் போட்ட மறுபடி எது என்று பிரிக்க வழியில்லை. யுனிகோடு வந்தபின் இது எதற்கு என்று பாமினிக் கோப்பை அழித்திருந்தேன். திருத்தியதை அதே பெயரில் சேமித்திருந்தேன். சரி, கொப்பி இருக்கிறதே என்று அவவிடம் கேட்கலாம் என்றிருக்கும்போது 2011 ஜனவரி வெள்ளம் வந்தது. அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்ததாம்.

இப்போது பிள்ளைகள் செய்வது அதே வேலை, இன்னும் வேகமாக. பக்கத்தைப் படம் எடுத்துச் செயலியிடம் கொடுத்து, தட்டச்சு செய்து தா என்கிறார்கள். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் பழைய எழுத்துணரிகள் விட்ட பிழைகள் அசிங்கமாக இருக்கும். துணைக்காலையும் ரகரத்தையும் மாற்றி எடுத்து, "என்ன கா" என்பதை "என்ன கர" என்று தரும். கா என்பது இங்கே ஆளை விளிக்கும் சொல். கண்ணில் குத்தும், திருத்திவிடுவோம். இப்போதையவை அழகாகப் பிழை விடுகின்றன. ஒரு தம்பியின் ஃபோன் புளியாணத்தைப் புளியோதரை ஆக்கிக் கொடுத்தது. ஆணம் என்றால் முஸ்லிம் வீடுகளில் குழம்பு. வாக்கியம் தடுமாறவில்லை, இலக்கணம் கெடவில்லை, அந்த வீட்டுச் சாப்பாடு மட்டும் மாறிப்போனது. என் சிவப்புக் கோடாவது மாற்றட்டுமா என்று கேட்டது. இது கேட்பதே இல்லை.

நான் இப்போது செய்வது இது. முதலில் படம். அதை யாரும் தொடக் கூடாது, தனி ஃபோல்டர், இன்னொரு பிரதி வேறோர் இடத்தில். பிறகு கூகுள் ட்ரைவில் ஏற்றி, கணினியில் வலது பொத்தானை அழுத்தி, கூகுள் டாக்ஸில் திறக்கிறேன். மேலே படமும் கீழே எழுத்துமாக வரும், ஒப்பிட வசதி. படம் 2 எம்.பிக்குள் நேராக இருந்தால் நல்லது. 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்திய அச்சு என்றால் பழைய ணா, றா, னா, தும்பிக்கை வைத்த லை, ளை எல்லாம் வரும். நம் அச்சகங்களில் அந்த அச்செழுத்துகள் அதற்குப் பிறகும் ஓடின. அந்த இடங்களில் எந்தக் கருவியும் சறுக்கும். செயலியிடம்தான் கொடுப்பேன் என்றால், எழுத்துக்கு எழுத்து அப்படியே தா, ஊர்ச்சொல்லை மாற்றாதே, தெரியாத இடத்தில் கேள்விக்குறி போடு என்று சொல்லிக் கொடுங்கள். சொன்ன பிறகும் நம்பாதீர்கள். வந்த எழுத்துக்கு "மூலம்" என்று ஒரு கோப்பு, கை வைப்பதற்கு "வேலை" என்று வேறொரு கோப்பு. எல்லா இடத்திலும் மாற்று என்ற பொத்தான் இருக்கிற பக்கமே நான் போவதில்லை.

சுருக்கத்தை வாசித்துவிட்டுக் கதை வாசித்தேன் என்பது

சொல்லாதீர்கள். ஒரு கேள்வியில் பிடிபட்டுவிடுவீர்கள்.

அகராதியோடு நின்றுவிடுவது

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதியை இணையத்தில் இலவசமாகப் புரட்டலாம். யாழ்ப்பாண வழக்குகளைத் தனிக்குறியிட்டுக் காட்டும். 1862இல் வந்த வின்சுலோ அகராதியிலும் நம் நாட்டுச் சொற்கள் நிறைய. ஆனால் யாழ்ப்பாணம் வேறு, மட்டக்களப்பு வேறு. அது மட்டுமல்ல, ஆளை ஏமாற்றுவது தெரியாத சொல் இல்லை, தெரிந்த சொல். மறுகா என்றால் நின்று தேடுவீர்கள். சூடு என்றால் தேடுவீர்களா? "சூடு வைத்துவிட்டு வந்தான்" என்பதைக் கொழும்பிலிருந்து வந்த ஒரு மாணவன், யாரையோ இரும்பால் சுட்டுவிட்டு வந்தான் என்று விளங்கிக்கொண்டு ஒரு பக்கம் முழுக்கப் பயந்துபோய் இருந்தான். வெட்டிய கதிரைக் குவித்து வைப்பதுதான் இங்கே சூடு. வேளாண்மை என்றால் நெற்செய்கை, பயிரையும் அப்படியே சொல்வோம். வாடி என்பது வயலிலோ கடற்கரையிலோ போட்ட குடில், யாரையும் கூப்பிடுவது இல்லை. பரியாரி நமக்கு ஊர் வைத்தியர், தமிழ்நாட்டில் சில ஊர்களில் முடிவெட்டுபவர். காக்கா யார் என்று இனிச் சொல்லத் தேவையில்லை, தாத்தாவுக்கு ஆண்பால்.

போடியார், வட்டை, முல்லைக்காரன், வட்டவிதானை போன்றவை வந்தால் ஓரளவு பிழைத்துக்கொள்ளலாம், தெரியாது என்பதாவது தெரியும்.

கதை நடக்கும் ஆண்டைப் பார்க்காமல் மாவட்டத்தைத் தீர்மானிப்பது

மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது 1961இல். அதற்கு முந்திய கதையில் ஒருவர் தன்னை மட்டக்களப்பார் என்றால் அவர் இன்றைய அம்பாறை மாவட்டத்து அக்கரைப்பற்றுக்காரராகவும் இருக்கலாம். வரைபடச் செயலியைத் திறந்து, எழுத்தாளருக்கு ஊர் தெரியவில்லை என்று குறிப்பு எழுதிய பிள்ளையும் உண்டு. படுவான்கரை என்று தேடினால் ஒரு புள்ளி வரும் என்று எதிர்பார்ப்பதும் இந்த வகைதான். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, பொழுது படுகிற பக்கம் முழுக்கப் படுவான்கரை. கிழக்குப் பக்கம் எழுவான்கரை. அதேபோல, நம் பக்கத்துக் கதையில் வெறுமனே "சூறாவளிக்குப் பிறகு" என்று வந்தால் அநேகமாக 1978 நவம்பர் சூறாவளி. எழுதியவர் ஆண்டு போட்டிருக்க மாட்டார். கூரை பறந்தவனுக்கு ஆண்டு எதற்கு?

வாய்விட்டு வாசிக்கக் கூச்சப்படுவது

கூச்சப்படாதீர்கள். மட்டக்களப்புப் பேச்சை அச்சில் பார்த்தால் எழுத்துப் பிழை மாதிரித் தெரியும், வாயில் வந்தால் ஆள் தெரியும். "இஞ்ச வா கா" என்பதைக் கண்ணால் வாசிப்பவன் அந்தக் காவைத் தாண்டிப் போய்விடுவான். ஃபோனில் குரல்வழித் தட்டச்சுக்குத் தமிழைத் தெரிவுசெய்யும்போது இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று பிரித்துக் கேட்கும் இடம் உண்டு. இலங்கை என்று வைத்துப் பாருங்கள். கா அதற்கும் அடிக்கடி தப்பிவிடும்.

போன வருடம் அந்த ஆசிரியரின் மகளை அழைத்து, என்னிடம் மிஞ்சிய கோப்பை உரத்து வாசித்துக் காட்டினேன். "மறுபடி" 41 இடத்தில் வருகிறது. ஒவ்வொன்றிலும் நிறுத்துவேன். அவ கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "இது அப்பா சொல்ல மாட்டார்" அல்லது "இது அப்பாதான்" என்பா. இரண்டு பின்னேரம் போனது. 35 இடங்களைத் தீர்த்துவிட்டோம். ஆறு இடத்தில் அவவுக்கும் பிடிபடவில்லை. அவற்றுக்கு மஞ்சள் நிறம் அடித்து வைத்திருக்கிறேன்.