செந்தோசாவுக்குத் தேதி குறிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் குடியிருக்கும் தமிழர்களுக்கு, ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களைச் செந்தோசாத் தீவிலுள்ள யூனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்வது சம்பளமில்லாத ஓர் உத்தியோகம். 2011ஆம் ஆண்டு மே மாதம் அந்தப் பூங்கா முறைப்படி திறக்கப்பட்ட காலத்திலிருந்தே நானும் அந்த உத்தியோகத்தைப் பார்த்து வருகிறேன். தொப்பி கொண்டுவராதது, புதுச் செருப்பு கடித்தது, கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்தது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றின் தொல்லை அன்று மாலையோடு தீர்ந்துவிடும். தேதியைத் தவறாகக் குறிப்பது அப்படியல்ல. விமானச்சீட்டும் விடுதியும் பதிவான பிறகு அதற்கு மருந்து கிடையாது. கிடைத்தாலும், குடும்பம் முழுவதற்கும் இன்னொரு நுழைவுச்சீட்டு வாங்கும் அளவுக்கு அதன் விலை இருக்கும். தொடக்கத்தில் நாங்கள் செய்த அதே பிழைகளை முதன்முறை வருபவர்கள் இன்றும் அப்படியே செய்வதைப் பார்ப்பதால் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டு நாட்காட்டியை மட்டும் பார்த்து வருவது

"லீவு விட்டாச்சு, டிக்கெட் போட்டாச்சு" என்று தொலைபேசியில் செய்தி வரும்போதே எனக்குப் பாதி எரிச்சல் வந்துவிடும். பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லாத நாளில்தான் குடும்பம் புறப்பட முடியும் என்பது நியாயமே. ஆனால் காலாண்டு, அரையாண்டு, ஆண்டு விடுமுறை ஆகிய மூன்றுக்குள் எந்த நாளைப் பூங்காவுக்கு ஒதுக்குவது என்பதைப் போகிற ஊரின் நாட்காட்டியைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். வரிசையில் நமக்கு முன்னால் நிற்கப்போகிறவர்கள் திருச்சிக்காரர்கள் அல்லர். சிங்கப்பூர்ப் பிள்ளைகளும், ஜோகூரிலிருந்து பாலம் கடந்து வருபவர்களும், ஜகார்த்தாவிலிருந்தும் ஷாங்காயிலிருந்தும் பறந்து வருபவர்களுமே அங்கே நிற்பார்கள்.

சிங்கப்பூரில் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. மார்ச் நடுவில் ஒரு வாரம், மே இறுதியிலிருந்து ஜூன் இறுதிவரை நான்கு வாரம், செப்டம்பர் முற்பகுதியில் ஒரு வாரம், நவம்பர் பிற்பகுதியிலிருந்து டிசம்பர் 31வரை ஏறத்தாழ ஆறு வாரம் எனப் பெரிய விடுமுறைகள் நான்கு. இவற்றைத் தேடிப் பார்த்து வைத்திருப்பவர்கள்கூடக் கோட்டை விடுவது ஒற்றை நாள் விடுமுறைகளில்தான். ஜூலை மாத முதல் ஞாயிறு இளையர் தினம் என்பதால் மறுநாள் திங்கட்கிழமை பள்ளிகள் இயங்குவதில்லை. செப்டம்பர் முதல் வெள்ளி ஆசிரியர் தினம். அக்டோபர் முதல் வெள்ளி சிறுவர் தினம் என்பதால் தொடக்கப்பள்ளிகளுக்கு விடுமுறை. அதே அக்டோபரில், தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் விடைத்தாள்களைத் திருத்தும் நாள்களிலும் அந்தப் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். பொது விடுமுறைப் பட்டியலில் இவை இடம்பெறாததால், வெளியூரில் இருந்து பார்ப்பவருக்கு எல்லாமே வேலை நாள்களாகத் தெரியும்.

2025ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னால் இது விளங்கும். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் காலாண்டு விடுமுறை செப்டம்பர் 27 முதல் அக்டோபர் 5வரை. சிங்கப்பூரின் செப்டம்பர் விடுமுறையோ 14ஆம் தேதியே முடிந்திருந்தது. ஆகவே 29 திங்கள், 30 செவ்வாய் ஆகிய இரண்டு நாள்களும் இங்கே பள்ளி நாள்கள். காலாண்டு விடுமுறையில் வருகிறவர்களுக்கு அவற்றைவிட நல்ல நாள்கள் அமைந்திருக்க முடியாது. என் சித்தப்பா மகளிடம் அவற்றைச் சொன்னேன். 1ஆம் தேதி ஆயுத பூஜை, 2ஆம் தேதி விஜயதசமி, கடையில் பூஜை போடாமல் எப்படிக் கிளம்புவது என்று அவளுடைய கணவர் கேட்டார். சனிக்கிழமை இரவு புறப்பட்டுச் செவ்வாய் இரவு திரும்பினால் புதன்கிழமை பூஜைக்குக் கடையில் இருக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர்களுடைய டிராவல்ஸ்காரர், "வெள்ளிக்கிழமை வேலை நாள்தானே, கூட்டம் இருக்காது" என்று தைரியம் சொல்லி, 2ஆம் தேதி இரவு விமானத்தில் ஏற்றிவிட்டார்.

3ஆம் தேதி வெள்ளிக்கிழமை சிறுவர் தினம். இங்குள்ள பெற்றோர் பலர் அன்று பிள்ளைப் பராமரிப்பு விடுப்பை எடுத்துச் சனி, ஞாயிறுடன் சேர்த்து மூன்று நாளாக்கிக்கொள்வார்கள். சீனாவில் அக்டோபர் 1 முதல் தேசிய தின விடுமுறை. அந்த ஆண்டு நடு இலையுதிர்கால விழாவும் உடன் வந்ததால் அது 8ஆம் தேதிவரை நீண்டது. போதாக்குறைக்கு, செப்டம்பர் இறுதியிலிருந்து நவம்பர் தொடக்கம்வரை பூங்காவில் குறிப்பிட்ட இரவுகளில் நடக்கும் ஹாலோவீன் நிகழ்ச்சி வெள்ளி இரவுகளை விடுவதில்லை. அத்தகைய நாள்களில் பகல்நேரப் பூங்கா வழக்கத்தைவிட முன்னதாக மூடப்படும். ஆள் அதிகம், நேரம் குறைவு என்று இரண்டு பக்கமும் இடி. இவற்றுள் ஒன்றுகூட எதிர்பாராமல் நடந்ததன்று. எல்லாம் பல மாதங்களுக்கு முன்பே அறிவிக்கப்பட்டவை.

"அண்ணா, இன்னிக்கு இங்க என்ன விசேஷம்?" என்று அவள் வாசலில் கேட்டபோது பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரியின் முன்னால் இருந்த பலகை காட்டிய காத்திருப்பு நேரத்தைப் பார்த்ததும், நீண்ட வரிசையைத் தவிர்க்க உதவும் எக்ஸ்பிரஸ் பாஸை வாங்க அவளுடைய கணவர் போனார். அந்தப் பாஸின் விலை தேதிக்குத் தேதி மாறும். கூட்ட நாள்களில் நுழைவுச்சீட்டின் விலையை எட்டும், சில நாள்களில் தாண்டியும் போகும். ஐந்து பேருக்கும் வாங்கி முடித்தபோது, மலிவு என்று முகவர் பிடித்துக்கொடுத்த விமானச்சீட்டில் மிச்சமானதெல்லாம் கரைந்து, மேலும் கைப்பணம் போயிருந்தது. எனக்கு இன்றும் ஆறாத கோபம் அந்த முகவர்மீதுதான். சிங்கப்பூர்ப் பயணத்தை விற்கிறவர் சிங்கப்பூர் நாட்காட்டியை ஒருமுறையாவது புரட்டியிருக்க வேண்டாமா? பொது விடுமுறைகளை மனிதவள அமைச்சும், பள்ளி விடுமுறைகளைக் கல்வி அமைச்சும் முந்தைய ஆண்டிலேயே தத்தம் இணையதளங்களில் வெளியிட்டுவிடுகின்றன. இரண்டையும் ஊர் நாட்காட்டியுடன் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு காபி குடிக்கும் நேரம் போதும்.

2026இல் இந்தப் பொறி இன்னும் அழகாக அமைந்திருக்கிறது: காந்தி ஜெயந்தியே வெள்ளிக்கிழமை, அக்டோபரின் முதல் வெள்ளியும் அதுவே. சேர்ந்தாற்போல் மூன்று நாள் கிடைக்கிறது என்று மகிழ்ந்து தேதி குறிப்பவர்கள் இங்கே வந்து சிறுவர் தினக் கூட்டத்தில்தான் நிற்பார்கள்.

அரையாண்டு விடுமுறையைப் பற்றி விரிவாக எழுத ஒன்றுமில்லை. இங்குள்ள ஆண்டிறுதி விடுமுறையின் கடைசி வாரமும், கிறிஸ்துமஸும், ஆங்கிலப் புத்தாண்டும் ஒன்றுகூடும் அந்த நாள்களில் பூங்காவை விட்டுவிட்டு, உயிரியல் தோட்டத்தையும் கரையோரப் பூந்தோட்டங்களையும் பார்த்துத் திரும்புவதே நல்லது.

மிஞ்சுவது ஆண்டு விடுமுறை. ஏப்ரல் பிற்பகுதி முதல் மே மூன்றாம் வாரம்வரை இங்கே பள்ளிகள் நடந்துகொண்டிருக்கும். இந்தக் காலத்தில் மே 1ஐ ஒட்டிய நாள்களை மட்டும் விலக்க வேண்டும். தொழிலாளர் தினம் இங்கும் விடுமுறை, சீனாவில் அது பல நாள் விடுமுறை, ஜப்பானிலும் அந்த வாரம் நீண்ட விடுமுறை. இங்கே பொது விடுமுறையான, ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறும் விசாக தினத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இப்படி ஒரு மாதம் கையில் இருந்தும், கல்யாணம், குலதெய்வக் கோயில் என்று அதை ஊரிலேயே கழித்துவிட்டு, ஜூன் தொடக்கத்தில் புறப்படுகிற குடும்பங்கள்தான் அதிகம். 2023இல் வெயில் காரணமாகத் தமிழ்நாட்டுப் பள்ளிகளின் திறப்பு ஜூன் 1இலிருந்து 7க்கும், பிறகு 12க்கும் தள்ளிப்போனது. 2024இல் 10ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. கூடுதலாகக் கிடைத்த அந்த நாள்களில் சிங்கப்பூர் போகலாம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அந்த வாரம் இங்கே ஜூன் விடுமுறை உச்சத்தில் இருக்கும்.

வார இறுதி

செவ்வாய், புதன், வியாழன். இதில் வேறு பேச்சுக்கு இடமில்லை.

மழைக்கு அஞ்சி மாதத்தை மாற்றுவது

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வெகு அருகில் இருப்பதால், ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் 31 முதல் 33 பாகை செல்சியஸ் அளவிலேயே இருக்கும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்யும். மழையே இல்லாத மாதம் என்று ஒன்று இங்கே கிடையாது. வேறுபாடு மழை பெய்யும் விதத்தில்தான் இருக்கிறது. டிசம்பரிலும் ஜனவரியிலும் வடகிழக்குப் பருவமழை சில வேளைகளில் நாள்முழுக்கப் பிடித்துக்கொள்ளும். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகலில் இடியுடன் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும்.

தேதியை மாற்றுவதைவிட, அந்த நாளுக்குள் வரிசையை மாற்றுவதே இதற்கு வழி. மின்னல் அபாயம் இருக்கும்போது திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். ஆகவே பேட்டில்ஸ்டார் கேலக்டிகா, ஜுராசிக் பார்க் படகுச் சவாரி ஆகியவற்றைக் காலையிலேயே முடித்துவிட்டு, கூரைக்குள் ஓடும் டிரான்ஸ்ஃபார்மர்ஸையும் மம்மியையும் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். மழை விட்டதும் ஈரத்துக்குச் சலித்துக்கொண்டு பலர் கிளம்பிவிடுவதால், பொறுமையாக இருப்பவர்களுக்கு அதன்பின் வரிசை குறையும்.

தேதி குறிக்கும்போது கவலைப்பட வேண்டியது மழையைவிடப் புகைமூட்டத்தைப் பற்றித்தான். இந்தோனேசியாவில் காடுகளும் கரிநிலங்களும் எரியும் ஆண்டுகளில் ஜூனுக்கும் அக்டோபருக்கும் இடையில் அது இங்கே பரவும். 2015ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் தேதி பள்ளிகளையே மூட வேண்டிய அளவுக்கு நிலைமை மோசமாயிற்று. எல்லா ஆண்டும் அப்படி நேர்வதில்லை. ஆனால் வீட்டில் ஆஸ்துமா உள்ள பிள்ளை இருந்தால் காலாண்டு விடுமுறையைவிட மே மாதமே மேல்.

விமானம் இறங்கிய அன்றே பூங்கா

இரவு விமானம் ஏறிக் காலையில் சாங்கியில் இறங்கி, பெட்டியை விடுதியில் போட்டுவிட்டு நேரே பூங்காவுக்குப் போனால் ஒரு நாள் விடுதி வாடகை மிச்சம் என்ற கணக்கை அடிக்கடி கேட்கிறேன். ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணத்தில் பிள்ளை எவ்வளவு தூங்கியிருக்கும்? சிங்கப்பூர் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஊரில் ஏழு மணிக்கு எழும் பிள்ளைக்கு இங்கே அது ஒன்பதரை. பூங்கா பெரும்பாலான நாள்களில் பத்து மணிக்குத் திறக்கும். வரிசைகள் மிகவும் குறைவாக இருப்பது அதன்பிறகு வரும் முதல் ஒரு மணி நேரத்தில்தான். ஆகையால் வந்த அன்றும் மறுநாளும் வேறு இடங்களைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளின் தூக்கம் இந்த ஊர் நேரத்துக்குப் பழகியபின் மூன்றாம் நாளில் பூங்காவை வைத்துக்கொள்வது நல்லது.

தீபாவளி

இங்கேயும் பொது விடுமுறை. லிட்டில் இந்தியாவின் விளக்குகளைப் பார்க்க வாருங்கள், பூங்காவுக்கு வேண்டாம்.

எந்த மாதம் என்று கேட்டு, எந்த ஆண்டு என்று கேட்காதது

நான்கு வயது நிறையாத பிள்ளைக்கு நுழைவு இலவசம் என்பதால், நான்காம் பிறந்தநாளுக்கு முன் வந்துவிட வேண்டும் என்று அவசரப்படுபவர்கள் உண்டு. இலவசமாக உள்ளே வந்த பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, தாய் ஒரு முறையும் தந்தை ஒரு முறையும் மாறிமாறி வெளியில் காத்திருக்க நேரும். வயதைவிட உயரமே இங்கே முக்கியம். கேலக்டிகாவில் ஏற 125 சென்டிமீட்டரும், மம்மியில் ஏற 122 சென்டிமீட்டரும் இருக்க வேண்டும். அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஊழியரிடம் கெஞ்சிப் பயனில்லை. 119 சென்டிமீட்டர் உள்ள அண்ணனுக்காக ஓராண்டு பொறுத்தால், தம்பியும் அதற்குள் சிறிய சவாரிகளுக்குத் தயாராகிவிடுவான். சுவரில் பென்சிலால் கோடு போட்டு உயரத்தை அளந்துவிட்டு, அதன்பிறகு ஆண்டை முடிவுசெய்யுங்கள். வீட்டிலுள்ள பிள்ளைகள் எல்லோருமே மிகச் சிறியவர்கள் என்றால் காத்திருக்கத் தேவையில்லை. பழைய மடகாஸ்கர் பகுதி இருந்த இடத்தில் 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட மினியன் லேண்டும், செசமி ஸ்ட்ரீட் பாத்திரங்கள் வரும் நிகழ்ச்சிகளுமே அவர்களுக்கு ஒரு நாளை நிரப்பிவிடும்.

கூட்டமில்லாத நாளில் எல்லாச் சவாரியும் ஓடும் என்று நம்புவது

கூட்டம் குறைந்த காலத்தில்தான் பராமரிப்பு வேலைகளை வைத்துக்கொள்வார்கள். அது பூங்காவின் பக்கம் நியாயமே. ஒரு சவாரி சில நாள்களோ சில வாரங்களோ மூடியிருக்கலாம். அரிதாக அது நீண்டும் போகும்: கேலக்டிகா 2013 ஜூலையில் மூடப்பட்டு, 2015 மே மாதம்தான் மீண்டும் ஓடத் தொடங்கியது. மூடப்படும் சவாரிகளின் விவரம் பூங்காவின் இணையதளத்தில் தேதியுடன் வெளியாகும். நுழைவுச்சீட்டும் குறிப்பிட்ட தேதிக்கே தரப்படுவதால், விமானமும் விடுதியும் உறுதியானவுடன் அவசரப்பட்டு அதை வாங்கிவிடாமல், பயணத்துக்குள் பொருந்தக்கூடிய வேலை நாள்கள் இரண்டை வைத்துக்கொண்டு, அந்த விவரத்தைப் பார்த்தபின் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பிள்ளை ஒரே ஒரு சவாரிக்காகவே வருகிறது என்றால், புறப்படுவதற்கு முந்தைய நாளும் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.