ஸ்டீயரிங் சத்தமும் மாற்றம் செய்த காரின் வாரன்டியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது ஏதாவது சத்தம் கேட்டால் உடனே வந்து விழும் தீர்ப்பு, "ராக் போயிடுச்சு." ஸ்டீயரிங்கைத் திருப்புவதைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பற்சட்டம்தான் ராக். ஸ்டீயரிங் அமைப்பில் விலை கூடிய உறுப்பு அதுதான், கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியதும் அதுதான். ஸ்பிரிங், ரிம், டயர் என்று எதையாவது மாற்றிய காராக இருந்தால் இந்த அவசரம் இரட்டைச் செலவில் கொண்டுபோய் விடும். தவறான உறுப்பைக் கழற்றியிருப்பீர்கள். கழற்றியதாலேயே சத்தம் எங்கிருந்து வந்தது என்ற தடயமும் போயிருக்கும். "மாடிஃபை பண்ணின வண்டி, வாரன்டி கிடையாது" என்று சர்வீஸ் சென்டரில் கைவிரித்தால், எதிர்த்துக் காட்ட உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது.

சத்தம் எப்போது வருகிறது என்று பார்க்காமல் விடுவது

'டொக்' என்ற ஒரே சத்தத்தை ஸ்ட்ரட் மவுன்டும் (முன் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட்டை மேலே பிடித்திருக்கும் தாங்கி) தரும், பால் ஜாயின்டும் (சக்கரம் திரும்ப இடம் தரும் பந்து மூட்டு) தரும், ஸ்டீயரிங் தண்டின் கீழ் இணைப்பும் தரும். காதை வைத்து மட்டும் இவற்றைப் பிரிக்க முடியாது. பிரித்துக் காட்டுவது அது வரும் நேரம்.

வண்டி நிற்கும்போது ஒடித்தாலே வருகிறதா? வந்தால் சக்கர பேரிங், சி.வி. ஜாயின்ட் (என்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டின் மூட்டு), பிரேக் டிஸ்க் போன்ற சுழலும் உறுப்புகளைப் பெரும்பாலும் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம். உருண்டால்தான் வருகிறது, வேகம் கூடக்கூட 'டக் டக்' நெருங்குகிறது, முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடிக்கும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் பலமாகிறது என்றால், அது பெரும்பாலும் வெளிப்பக்கச் சி.வி. ஜாயின்ட். குனிந்து பார்த்தால் அதன் கிழிந்த ரப்பர் உறையும் ('பூட்') ரிம்மின் உட்பக்கம் விசிறியடித்த கிரீஸும் தெரியலாம். நேர்ச்சாலையில் கேட்கும் 'ஊம்' என்ற இரைச்சல், லேசாக இடப்பக்கம் வளைக்கும்போது கூடி, வலப்பக்கம் வளைக்கும்போது குறைந்தால் வலச் சக்கரத்தின் பேரிங்கைப் பாருங்கள். இடப்பக்கம் வளையும்போது வண்டியின் பாரம் வலப்பக்கம் சாய்கிறது.

இவற்றுக்கெல்லாம் முன்னால் இரண்டு சில்லறை விஷயங்கள் உண்டு. சக்கர நட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா? பிரேக் டிஸ்க்கின் பின்னாலுள்ள தகரக் கவசம் வளைந்து உரசுகிறதா, அல்லது அதற்குள் சிறு கல் சிக்கியிருக்கிறதா? 'கிரீச்' என்று நரம்பைப் பிடுங்கும் சத்தத்துக்கு ஒரு கல்லே போதும்.

சக்கரத்தைத் தூக்கி ஆட்டிவிட்டு "எல்லாம் சரி" என்பது

ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, கடிகாரத்தின் 9, 3 இடங்களில் பிடித்து ஆட்டினால் டை ராடின் (ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) ஆட்டம் தெரியும். 12, 6 இடங்களில் பிடித்தால் பேரிங்கும் பால் ஜாயின்டும் தெரியும். செய்ய வேண்டிய சோதனைதான். ஆனால் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது மூட்டுகளின்மேல் வண்டியின் பாரம் இல்லை. பாரம் ஏறினால்தான் பேசும் மூட்டு இதில் ஊமையாகவே இருந்துவிடும்.

ஆகவே வண்டியைத் தரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, என்ஜினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியுமாகக் கொஞ்சமே, விடாமல் ஆட்ட வேண்டும். இன்னொருவர் ஒவ்வொரு மூட்டின்மேலும் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். டை ராட் எண்ட், ராக்கின் ரப்பர் பூட்டை அமுக்கினால் உள்ளே அகப்படும் உள் டை ராட், கீழ் ஆர்மின் (சக்கரத்தை வண்டியின் உடலோடு இணைக்கும் கை) பால் ஜாயின்ட், ராக்கைப் பிடித்திருக்கும் புஷ் (ரப்பர் வளையம்) என்று வரிசையாகப் போகலாம். தேய்ந்த மூட்டில் விரலுக்கு அடியில் ஒரு சின்ன இடி விழும். காது ஏமாறும், விரல் அவ்வளவு எளிதில் ஏமாறாது.

ஸ்ட்ரட் மவுன்டுக்கும் இதே வழிதான். முன் ஸ்பிரிங்கின் வெளிப்பக்கம் உள்ளங்கையைப் பதிய வைத்துக்கொண்டு (சுருளுக்குள் விரலை விடவே கூடாது), ஸ்டீயரிங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். மேல் பேரிங் நன்றாக இருந்தால் ஸ்பிரிங் வழுக்கிக்கொண்டு கூடவே திரும்பும். இறுகியிருந்தால் முதலில் அசையாமல் முறுக்கேறி, பிறகு 'டங்' என்று ஒரே துள்ளலில் விடுபடும். அந்தத் துள்ளல் கையில் பட்டுவிட்டால் ராக்கைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

ஆயில் குறைந்தால் ஊற்றிவிட்டுப் போவது

ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கில் (ஆயில் அழுத்தத்தால் உதவி கிடைக்கும் வகை) ஒடிக்கும்போது பம்ப் முனகினால் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து அளவோடு நிறத்தையும் பாருங்கள். நுரைத்து, பால் கலந்ததுபோல் இருந்தால் காற்று கலந்திருக்கிறது. டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் உறிஞ்சு குழாயின் ஓ ரிங்கோ கிளிப்போ தளர்ந்தால் அங்கே ஆயில் வெளியே சொட்டாமலேயே காற்று உள்ளே போகும். "லீக்கே இல்லையே" என்று பலர் ஏமாறும் இடம் இதுதான். ஆயில் மட்டும் ஊற்றினால் முனகல் மறுநாளே திரும்பி வரும்.

காற்றை வெளியேற்ற முன்சக்கரங்களைத் தூக்கி, என்ஜினை அணைத்த நிலையில், ஸ்டீயரிங்கை முனைக்கு முனை சுமார் 20 தடவை மெதுவாகத் திருப்ப வேண்டும். இடையிடையே டப்பாவின் அளவு இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குமிழி நின்ற பிறகே என்ஜினை ஓடவிடலாம். எந்த ஆயில் என்பது கையேட்டிலும் பெரும்பாலும் மூடியிலேயும் இருக்கும். சில கார்களுக்கு ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஆயில்), சிலவற்றுக்கு செயற்கை ஹைட்ராலிக் ஆயில். மாற்றி ஊற்றினால் சீல்கள் உப்பியோ சுருங்கியோ கெடும். லீக்கை அடைக்கும் மருந்து பாட்டில்களின் பக்கமே போக வேண்டாம். வாரன்டியில் இருக்கும் ராக்குக்குள் அந்த மருந்து போனது தெரிந்தால், கிளெய்மை மறுக்க நீங்களே காரணத்தை எழுதிக் கொடுத்தது போலாகும்.

முழுக்க ஒடித்துப் பிடித்தால் வரும் 'ஸ்ஸ்' பழுதல்ல, அழுத்தம் வெளியேறும் வால்வின் சத்தம். சில நொடிகளுக்கு மேல் அப்படியே பிடித்திருந்தால் மட்டும் ஆயில் சூடேறும்.

எலெக்ட்ரிக் ஸ்டீயரிங்கில் ஆயிலே கிடையாது. நின்ற இடத்தில் ஒடிக்கும்போது மோட்டாரின் மெல்லிய 'ங்' ஒலி இயல்பு. மோட்டார் ஸ்டீயரிங் தண்டிலேயே அமைந்த கார்களில், லேசாக ஆட்டும்போது டேஷ்போர்டுக்குக் கீழிருந்து 'கடகட' வந்தால், மோட்டாரையும் கியரையும் இணைக்கும் சிறிய ரப்பர் கப்ளிங் நொறுங்கியிருக்கக்கூடும். அதற்காக முழுத் தண்டையும் மாற்றச் சொன்னால் அந்தக் கப்ளிங் தனியாகக் கிடைக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஸ்டீயரிங் சக்கரத்துக்கு அடியில் 'சரசர' என்றால் அது ஏர்பேக் ஒயர் சுருண்டிருக்கும் கிளாக் ஸ்பிரிங்காக இருக்கலாம். அதில் வீட்டில் கை வைக்கக் கூடாது.

மாற்றத்தைக் குறை சொல்வது, பொருத்திய விதத்தைப் பார்க்காமல்

மாற்றம் செய்த காரில் வரும் சத்தங்களில் பல, போட்ட பொருளால் வருவதல்ல. போட்ட விதத்தால் வருவது. தாழ்த்தும் ஸ்பிரிங்கை மாட்டும்போது ஸ்ட்ரட்டின் மேல் பேரிங்கைத் தலைகீழாக வைப்பது, ஸ்பிரிங்கின் நுனியை அதற்கான குழியில் உட்கார வைக்காமல் விடுவது, இம்பாக்ட் கன்னால் மேல் நட்டை முடுக்குவது ஆகியவை அடிக்கடி நடக்கும். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. கீழ் ஆர்மின் ரப்பர் புஷ் போல்ட்டைச் சக்கரம் தொங்கும் நிலையிலேயே இறுதியாக முடுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் அந்த ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். முதலில் 'கிறீச்' என்று கத்தும், பிறகு கிழியும். பாரம் ஏறிய நிலையில்தான் அந்தப் போல்ட்டை முடுக்க வேண்டும். அதன் பிறகு அலைன்மென்ட், கூடவே ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாரின் பூஜ்யத்தைச் சரிசெய்தல்.

ரிம் விஷயத்தில் "ஒரு இன்ச்தானே அகலம்" என்று போடுவதற்கு முன் கணக்குப் பாருங்கள். 'ஜே'க்கு முன்னுள்ள எண் ரிம்மின் அகலம், இன்ச்சில்; ஈடி என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியில் பொருந்தும் முகம் தள்ளியிருக்கும் தூரம், மி.மீ.-இல். 7ஜே ஈடி 45 ரிம்மை எடுத்துவிட்டு 8ஜே ஈடி 35 போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அகலம் 25.4 மி.மீ. கூடுகிறது, பக்கத்துக்கு 12.7. ஈடி 10 குறைந்ததால் முழு ரிம்மும் 10 மி.மீ. வெளியே நகர்கிறது. ஆக வெளி விளிம்பு 22.7 மி.மீ. வெளியே வரும், உள் விளிம்பு 2.7 மி.மீ. உள்ளே போகும். முழுக்க ஒடிக்கும்போது மட்கார்டுக்கு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனரில் டயர் 'சொரசொர' என்று தேய்வது இப்படித்தான்; அது ராக்கின் சத்தம் அல்ல. லைனரில் பளபளத்த தேய்மானத் தடம் இருந்தால் முடிவாகிவிட்டது. ரிம்மின் நடுக்கோடு 10 மி.மீ. வெளியே நகர்ந்ததால் ஸ்டீயரிங் மூட்டுகளும் பேரிங்கும் தாங்கும் விசையும் மாறிவிடும் என்பதை வாரன்டி பேசும்போது எதிர்த்தரப்பு மறக்காது.

"மொத்த வாரன்டியும் போச்சு" என்றோ "ஒன்றும் ஆகாது" என்றோ நம்புவது

இரண்டுமே தவறு. பொதுவாக வாரன்டி உறுப்பு உறுப்பாகவே பார்க்கப்படுகிறது: இந்தப் பழுதுக்கு அந்த மாற்றம் காரணமா? தாழ்த்திய காரில் பின்கண்ணாடி மோட்டார் நின்றுபோனால் அதற்கும் ஸ்பிரிங்குக்கும் சம்பந்தமில்லை. அதே காரில் ஸ்ட்ரட் மவுன்டோ சி.வி. பூட்டோ போனால் சம்பந்தம் உண்டு என்று சொல்ல இடமிருக்கிறது. அங்கே சண்டை போட்டுப் பயனில்லை. இடைப்பட்டவைதான் சிக்கல். தண்டிலுள்ள ரப்பர் கப்ளிங் போனதற்கு அகலமான டயரைக் காரணம் காட்டினால், எந்தச் சோதனையில் அது தெரிந்தது என்று கேட்கலாம்.

அமெரிக்காவில் 1975-இல் வந்த மாக்னசன்-மாஸ் வாரன்டி சட்டத்தைப் பலர் மந்திரம்போல் சொல்வார்கள். குறிப்பிட்ட பிராண்ட் உதிரிபாகத்தை வாங்கினால்தான் வாரன்டி என்று நிபந்தனை போடுவதை அது பொதுவாகத் தடுக்கிறது. ஆனால் நீங்கள் போட்ட பொருளே பழுதுக்குக் காரணம் என்றால் அந்தச் சட்டமும் காப்பாற்றாது. மற்ற நாடுகளில் அந்தந்த நாட்டுச் சட்டமும் வாரன்டிப் புத்தகத்தின் விதிவிலக்குப் பட்டியலும்தான் பேசும். அந்தப் பட்டியலை ஸ்பிரிங் வாங்கும் முன்பே படித்துவிடுங்கள்.

மறைப்பதும் வாயால் மட்டும் சொல்வதும்

கிளெய்முக்குப் போவதற்கு முந்தின இரவு பழைய ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்டிக்கொண்டு போவது கெட்டிக்காரத்தனம்போல் தோன்றும். போல்ட்டில் புதிய ஸ்பானர் தடம், வெட்டிய பம்ப் ஸ்டாப் (சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கி முட்டாமல் தடுக்கும் ரப்பர்), லைனரில் பழைய தேய்மானம் இவையெல்லாம் காட்டிக் கொடுத்துவிடும். பிறகு சம்பந்தமே இல்லாத பழுதையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். அதைவிட, மாற்றும் முன்பும் பின்பும் நான்கு சக்கரங்களிலும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை மி.மீ. கணக்கில் அளந்து எழுதி, படமெடுத்து, பொருத்தியவரின் பில்லோடும் அலைன்மென்ட் தாளோடும் வைத்திருங்கள். டீலரே பொருத்திய அக்சசரி என்றால் அதன் வாரன்டியை யார் ஏற்கிறார் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சர்வீஸ் சென்டரில் புகாரைப் பதியும் ஜாப் கார்டில் "ஸ்டீயரிங் சத்தம்" என்று இரண்டே வார்த்தை எழுதினால், "சோதித்தோம், சத்தம் இல்லை" என்று இன்னும் சுருக்கமான பதில் வரும். இப்படி எழுதச் சொல்லுங்கள்: "காலையில் முதல் தடவை எடுக்கும்போது, நின்ற நிலையில், இடப்பக்கம் அரைச் சுற்று தாண்டியதும் ஒரு 'டங்', திரும்பும்போது இன்னொன்று. ஓட்டம் 18,400 கி.மீ." டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுங்கள். சத்தம் அன்று வரவில்லை என்றாலும் தேதியோடு பதிவாகட்டும். வாரன்டி முடிந்தபின் அதே பழுது முற்றினால் கையில் இருக்கும் ஆதாரம் அந்தத் தாள்தான்.

பிரித்துப் பார்க்கக் கையெழுத்துப் போடும் முன், வாரன்டியில் வராது என்று தெரிந்தால் பிரித்த கூலி யாருடையது என்று கேளுங்கள். கழற்றிய பழைய உறுப்பை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் எந்த உறுப்பு, என்ன சோதனை, எந்த விதிவிலக்கு என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். இந்தத் தகராறு ஓடிக்கொண்டிருக்கும்போதே பால் ஜாயின்டிலோ டை ராடிலோ ஆட்டம் தெரிந்திருந்தால், கடிதத்துக்காகக் காத்திருந்து அந்தக் காரை ஓட்ட வேண்டாம்; மூட்டு கழன்றால் சக்கரம் உங்கள் சொல் கேட்காது. படமெடுத்துக்கொண்டு இழுவை வண்டியில் அனுப்புங்கள்.