நன்மை வாங்கச் சனிக்கிழமையே தொடங்குங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்தவள் நான். இப்போது புது நன்மை எடுக்கும், அதாவது கத்தோலிக்கக் கோயில் பூசையில் சாமியார் (குரு) கொடுக்கும் நற்கருணை அப்பத்தை முதல்முறை வாங்கும் பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு நடத்துகிறேன். பிள்ளைகளைவிட, அவர்களைக் கொண்டுவந்து விடும் பெற்றோர்தான் அதிகம் கேட்கிறார்கள்: "டீச்சர், நான் நன்மை வாங்கி ரொம்ப வருஷமாச்சு. என்ன செய்யணும்?"

முதல் சந்தேகம் சாப்பாட்டைப் பற்றித்தான் வரும். அது சுலபம். பூசைக்கு முன் இல்லை, நன்மைக்கு முன் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. எட்டு மணிப் பூசையில் நன்மை கொடுக்க எட்டே முக்கால் ஆகிவிடும், ஏழரைக்குள் பசியாறிவிடுங்கள். தண்ணீருக்கும் மருந்துக்கும் தடையில்லை. மைலோ பானம் தண்ணீர்க் கணக்கில் சேராது! வயதானவர்கள், நோயாளிகள், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் சாப்பிட்டிருந்தாலும் வாங்கலாம். என் அம்மா குமரியாக இருந்த காலத்தில் நடுராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாதாம். 1964இல் திருத்தந்தை ஆறாம் பவுல்தான் ஒரு மணி நேரமாகக் குறைத்தார்.

கஷ்டம் ஆத்தும சோதனையில், நம் குற்றங்களை நாமே நினைத்துப் பார்ப்பதில் இருக்கிறது. சனிக்கிழமை இரவு டிவியை அடைத்துவிட்டுக் கால் மணி நேரம் உட்காருங்கள். நான் திங்கட்கிழமையிலிருந்து ஒவ்வொரு நாளாக நினைத்துப் பார்ப்பேன்: யாரிடம் என்ன பேசினேன், யார் பணம் என் கையில் நிற்கிறது, யார் கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை. சாவான பாவம் (கனமான பாவம்) இருந்தால் பாவசங்கீர்த்தனம் செய்யாமல், அதாவது சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறாமல் நன்மைக்குப் போகாதீர்கள். எத்தனை வருஷம் ஆனது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மற்றதைச் சாமியாரே கேட்டுக்கொள்வார். அவருக்குத் தமிழ் வராவிட்டால் மலாயில் சொல்லலாம். (மலாயில் பாவத்துக்கு 'டோசா' என்று பெயர். வகுப்பில் சொன்னால் சிரிப்பு அடங்காது.)

அப்புறம் சண்டை. காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் என்று நினைவு வந்தால், முதலில் போய்ச் சமாதானமாகு என்கிறது மத்தேயு 5ஆம் அதிகாரம். கவனியுங்கள், அவருக்கு நம்மேல். கூட்டுப் பண (சீட்டுப் பண) விஷயத்தில் நாத்தனாரோடு எனக்கு இரண்டு வருஷம் பேச்சில்லை. நியாயம் என் பக்கம்தான், இப்போதும் சொல்வேன். ஆனால் நன்மை வரிசையில் அவள் முன்னால் நின்றால் என் கண் அவள் கழுத்துச் சங்கிலி மேலேயே இருந்தது. ஒரு சனிக்கிழமை முறுக்கு டின்னோடு போய் நின்றேன். "வாங்க அண்ணி" என்று சொல்ல அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பணத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை.

நன்மைக்குச் சற்று முன், ஆண்டவர் நம்மிடம் வர நமக்குத் தகுதியில்லை என்று சொல்வோமே, நற்செய்தியில் ரோமைப் படையின் நூற்றுவர் தலைவன் தன் வீட்டைப் பற்றி இயேசுவிடம் சொன்னது, அதை அவசரமாக ஓட்டாதீர்கள். சாமியார் வீட்டை மந்திரிக்க (ஆசீர்வதிக்க) வரும் நாளில் அம்மா பாயை உதறி விரிப்பார். வீடு என்னவோ அதே புகை படிந்த வீடுதான்.

இடக்கையை வலக்கை மேல் வையுங்கள். "ஆமென்" காதில் விழும்படி இருக்கட்டும். அங்கேயே உட்கொண்டு, இடத்துக்கு வந்து முழந்தாளிடுங்கள். கடைசிப் பாட்டு முடிந்தும் ஐந்து நிமிஷம் எழுந்திருக்க வேண்டாம். வெளியே உங்கள் வண்டி மறிக்கிறது என்று யாராவது ஹார்ன் அடிப்பார்கள். அடிக்கட்டும்.