ட்ரைபாட் மட்டும் போதும்: ஓரியன் நெபுலாவை ஸ்டாக்கிங் செய்வது எப்படி?

ஸ்டாக்கிங் செய்வதால் படம் வெளிச்சமாகாது. புதியவர்கள் ஏமாறும் இடம் இதுதான். நூறு படங்களைச் சேர்த்து முடித்தால் திரையில் கன்னங்கரேலென்று ஒன்று வரும், கெட்டுவிட்டது என்று அழித்துவிடுவார்கள். ஸ்டாக்கிங் என்பது ஒரே காட்சியின் பல படங்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுப்பது. படத்துக்குப் படம் மாறுகிற நாய்ஸ் (படத்தில் தெரியும் மணல்போன்ற புள்ளிகள்) குறையும், மாறாத நெபுலா (விண்வெளியில் ஒளிரும் வாயு மேகம்) அப்படியே நிற்கும். 100 படங்களில் நாய்ஸ் பத்தில் ஒரு பங்காகும். அதையும் பாதியாக்க 400 படங்கள் வேண்டும்.

படம் எடுத்தல்

டிசம்பர் முதல் மார்ச் வரை, நிலா இல்லாத முன்னிரவு. வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குத் தெற்கே மங்கலாகத் தெரியும் புகைத்திட்டுதான் நெபுலா.

ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் 50 மி.மீ. லென்ஸ், எஃப்/2.8, ஐஎஸ்ஓ 1600, 3 விநாடி, ரா ஃபார்மட். 500-ஐ லென்ஸின் ஃபுல் ஃப்ரேம் சம குவியத் தூரத்தால் வகுத்தால் வரும் விநாடிவரை எடுக்கலாம் என்கிற '500 விதி'ப்படி 6 விநாடிக்கு மேல் போகலாம். நம்பாதீர்கள்: அது ஃபிலிம் காலத்துக் கணக்கு. பூமி சுழல்வதால் இன்றைய சென்சாரில் 6 விநாடிக்கு நட்சத்திரம் ஐந்து பிக்சல் அளவுக்கு இழுபட்டுவிடும். கேமராவில் இருக்கும் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்துவிடுங்கள், நேரம்தான் வீணாகும்.

ஃபோகஸுக்கு லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கி, சிரியஸ் நட்சத்திரம் மிகச் சிறிய புள்ளியாகும்வரை வளையத்தைத் திருப்பி, டேப் ஒட்டிவிடுங்கள். பிறகு 200 படங்கள். ஐம்பதுக்கு ஒருமுறை நெபுலாவை மீண்டும் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பனி இறங்கும் இரவில் லென்ஸ் கண்ணாடியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருத்தப் படங்கள்

டார்க்: லென்ஸை மூடி, அதே ஐஎஸ்ஓ, அதே 3 விநாடி, 30 படங்கள். அங்கேயே எடுக்க வேண்டும். வீட்டுக்குள் வந்து எடுத்தால் சென்சாரின் வெப்பம் மாறி, சூடான பிக்சல்கள் சரியாகக் கழியாது.

ஃப்ளாட்: லென்ஸின் மேல் வெள்ளை பனியனைச் சுருக்கமில்லாமல் இழுத்துப் பிடித்து, சீரான வெளிச்சத்தில் 30 படங்கள். ஹிஸ்டோகிராம் (வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் வரைபடம்) நடுவில் இருக்கட்டும். ஃபோகஸையும் எஃப் எண்ணையும் தொடக் கூடாது, தொட்டால் ஓரக் கருமையும் தூசி வளையங்களும் போகாமல் படத்திலேயே தங்கிவிடும்.

பயாஸ் (வெளிச்சமே இல்லாதபோதும் சென்சார் பதிவு செய்யும் அடிப்படை அளவைக் கழிக்க): மூடி போட்டு, 1/4000 விநாடியில் 30.

சிரில் மென்பொருளில்

சிரில் (Siril) ஸ்டாக்கிங் செய்யும் மென்பொருள். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஒரே ஃபோல்டருக்குள் லைட்ஸ் (lights, நெபுலா படங்கள்), டார்க்ஸ் (darks), ஃப்ளாட்ஸ் (flats), பயாசஸ் (biases) என நான்கு ஃபோல்டர்கள். பெயர்களை ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில், பன்மையில் வையுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். தாய் ஃபோல்டரை ஹோம் ஆக வைத்து, ஸ்கிரிப்ட்ஸ் மெனுவில் 'ஓஎஸ்சி ப்ரீப்ராசசிங்'கை ஓட்டுங்கள். செயற்கைக்கோள் கோடுகளை அதுவே கழித்துவிடும். நட்சத்திரங்களைப் பொருத்த முடியவில்லை என்று பல படங்கள் விலக்கப்பட்டால், பெரும்பாலும் காரணம் ஃபோகஸ் அல்லது மேகம்.

கிடைத்த படத்தின் ஓரங்களை முதலில் வெட்டுங்கள். அடுத்து பேக்ரவுண்ட் எக்ஸ்ட்ராக்‌ஷன்: நெபுலாவின் மேல் விழுந்த சாம்பிள் புள்ளிகளை ரைட் க்ளிக் செய்து நீக்காவிட்டால், நகர வெளிச்சத்தோடு நெபுலாவின் மெல்லிய ஓரமும் கழிந்துபோகும். பிறகு நிறத் திருத்தம், அதன்பின் பச்சை நாய்ஸ் நீக்கம்.

கடைசியில்தான் ஸ்ட்ரெச், அதாவது கருப்பாகத் தெரியும் படத்தை வெளிச்சமாக்குவது. கீழே ஆட்டோஸ்ட்ரெச் என்றிருந்தால் லீனியருக்கு மாற்றுங்கள். ஆட்டோஸ்ட்ரெச் வெறும் காட்சிதான், படம் மாறியிருக்காது. ஹிஸ்டோகிராமில் மிட்டோன் முக்கோணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் இழுங்கள், இரண்டு மூன்று தவணையில். கருப்பு முக்கோணத்தை நகர்த்தும்போது இழப்பு (முழுக்கருப்பாகிவிடும் பிக்சல்கள்) 0.1 சதவீதத்தைத் தாண்டவிடாதீர்கள். வானம் முழுக்கருப்பாக இருந்தால் அழகு என்று நினைத்து இழுத்தால், மங்கலான வாயு எல்லாம் அதோடு போய்விடும்.

நெபுலாவின் மையம் வெள்ளையாக வெந்துபோனால், அரை விநாடியில் 50 படங்கள் தனியாக எடுத்து, அதே டார்க் போதாது என்பதால் அரை விநாடி டார்க்கும் எடுத்து, தனியே ஸ்டாக் செய்து, கிம்ப் என்னும் படத் திருத்த மென்பொருளில் லேயர் மாஸ்க் (மேல் படத்தில் வேண்டிய இடத்தை மட்டும் காட்டும் மறைப்பு) போட்டு மையத்தில் மட்டும் சேர்த்துவிடுங்கள்.