ஆசியக் கடல் வணிகமும் போர்த்துகீசியரும்: நாம் தவறாகப் படிக்கும் இடங்கள்

1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்து இறங்கினார், அத்தோடு நம் கடல் வணிகம் ஐரோப்பியர் கைக்குப் போய்விட்டது. பள்ளியில் படித்ததும், இப்போது யூடியூபில் கேட்பதும் பெரும்பாலும் இந்தக் கதைதான். 1800களின் வெள்ளைக்காரன் ஆட்சியை மனதில் வைத்துக்கொண்டு 1500களைப் பார்ப்பதால் வரும் கோளாறு இது. மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்துதான் முளைக்கின்றன.

காமா வந்த லட்சணத்தைப் பாருங்கள். கோழிக்கோட்டு அரசரான சாமூதிரிக்குக் கொடுக்க அவர் எடுத்து வைத்தவை: கோடு போட்ட துணி 12 துண்டு, சில தொப்பிகள், பவளம், கை கழுவும் கிண்ணங்கள், சர்க்கரை, எண்ணெய், தேன். மெக்காவிலிருந்து வரும் பரம ஏழை வணிகன்கூட இதைவிட அதிகம் தருவான் என்று அரசரின் ஆட்கள் சிரித்துவிட்டார்கள். ஐரோப்பியச் சரக்குக்கு இங்கே பெரிய கிராக்கி இல்லை என்பதுதான் விஷயம். மிளகு வேண்டுமென்றால் தங்கமோ வெள்ளியோ செம்போ கொடுத்து வாங்க வேண்டும். இல்லையா, ஆசியத் துறைமுகங்களுக்கு இடையே நடந்த வணிகத்தில் தானும் புகுந்து சம்பாதிக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் பீரங்கியைக் காட்டிப் பிடுங்க வேண்டும். அவர்கள் மூன்றையும் செய்தார்கள்.

‘போர்த்துகீசியர் கடலைப் பிடித்தார்கள்’ என்று எழுதும்போதும் கொஞ்சம் நிதானம் வேண்டும். அவர்கள் பிடித்தது சில துறைமுகங்களைத்தான். கோவா 1510, மலாய்க் கரையின் மலாக்கா 1511, பாரசீக வளைகுடா வாயிலின் ஹோர்முஸ் 1515. மூன்றும் போர்த்துகீசிய ஆளுநர் அல்புகெர்க் காலத்து வேலை. காமா கணக்கில் எழுதிவிடாதீர்கள். செங்கடல் வாயிலில் இருக்கும் ஏடனை 1513இல் அல்புகெர்க் தாக்கினார், கிடைக்கவில்லை. இந்தத் தோல்வியைப் பலரும் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். ஆனால் அந்த வாயில் கடைசிவரை அடைபடவே இல்லை. 1560களில் சுமத்ராவின் அச்சேயிலிருந்து மிளகு ஏற்றிய கப்பல்கள் செங்கடலுக்குப் போய்க்கொண்டிருந்தன, அந்த வழியாகச் சரக்கு வாங்கிய வெனிஸ் சந்தையிலும் மிளகு வியாபாரம் மறுபடி சூடுபிடித்திருந்தது.

அப்படியானால் அவர்கள் நடத்தியது என்ன? கடலில் ஒரு டோல்கேட். ‘கர்த்தாஸ்’ என்ற அனுமதிச் சீட்டு இல்லாமல் போகும் கப்பலைப் பிடிக்கலாம், சரக்கைப் பறிக்கலாம் என்பது அவர்களாகவே போட்ட சட்டம். கப்பல் எங்கிருந்து எங்கே போகிறது, தலைவர் யார், என்ன ஆயுதம் இருக்கிறது என்றெல்லாம் சீட்டில் எழுதியிருக்கும். சீட்டுக்கான கட்டணம் சொற்பம்தான். அந்தக் கப்பல் தங்கள் கோட்டைத் துறைமுகத்துக்கு வந்து சுங்கம் கட்ட வேண்டும் என்பதில்தான் வருமானம் இருந்தது. வணிகம் நின்றுபோனால் சுங்கம் ஏது? அதனால் ஆசிய வணிகத்தை ஒழிப்பது அவர்களுக்கே கட்டுப்படியாகாது. இது புரியாமல்தான் ‘வணிகமே அழிந்தது’ என்று எழுதிவிடுகிறார்கள்.

அக்பரின் அரசே ஹஜ் கப்பல்களுக்கு இந்தச் சீட்டை வாங்கியது. ஆனால் சீட்டு இருந்தாலும் பாதுகாப்பு உறுதியில்லை. 1613இல் செங்கடலிலிருந்து சூரத்துக்குத் திரும்பிய ‘ரஹீமி’ என்ற பெரிய கப்பலைப் போர்த்துகீசியர் பிடித்துக் கோவாவுக்கு இழுத்துப் போனார்கள். அது ஜஹாங்கீரின் தாய்க்குச் சொந்தமான கப்பல், முறையான சீட்டும் வைத்திருந்தது. முந்தின ஆண்டுதான் சூரத் அருகே ஆங்கிலேயரிடம் அடி வாங்கியிருந்தார்கள். முகலாயர் ஆங்கிலேயரோடு நெருங்கிவிடக் கூடாது என்று மிரட்டிப் பார்த்தார்கள் போல. பலன் நேர்மாறாக வந்தது. ஜஹாங்கீர் ஏசு சபையினரின் தேவாலயத்தை மூடச் சொன்னார், போர்த்துகீசியர் வசமிருந்த டாமனை முற்றுகையிடப் படை அனுப்பினார். தரையில் பெரிய அரசு ஒன்று முறைத்தால் கடல் பீரங்கிக்கு எவ்வளவு மதிப்பு என்று இதில் தெரிந்துவிடுகிறது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ஐரோப்பியர் வருமுன் இந்தியப் பெருங்கடல் அமைதிப் பூங்காவாக இருந்தது என்பது. 1025இல் ராஜேந்திர சோழன் ஸ்ரீவிஜயத்தின் மேல் கப்பல் படை அனுப்பியது நமக்கு மறந்துவிடக் கூடாது. மலபார்க் கரையில் கடற்கொள்ளையும் பழைய சங்கதிதான். கடல் முழுக்க என்னுடையது, எல்லோரும் என்னிடம் சீட்டு வாங்கு என்று ஒருவர் கிளம்பியதுதான் புதுசு.

‘அவர்கள்’ எதிர் ‘நாம்’ என்று இரண்டு கட்சியாகப் பிரிப்பதிலும் ஜாக்கிரதை. சாமூதிரிக்கு ஆகாத கொச்சி அரசர் போர்த்துகீசியரைக் கையைப் பிடித்து வரவேற்றார். சாமூதிரிக்காகப் பல தலைமுறை கடலில் சண்டை போட்ட குஞ்ஞாலி மரைக்காயர் வழியில் நான்காமவர் 1600இல் பிடிபட்டது, சாமூதிரியும் போர்த்துகீசியரும் சேர்ந்து முற்றுகையிட்டதால். அவரைக் கோவாவில் கொன்றார்கள். மலாக்காவில் இன்னும் சுவாரசியம். சோழமண்டலக் கரையிலிருந்து போன, போர்த்துகீசிய ஏடுகளில் நினா சத்து என்று வரும் இந்து வணிகர், 1511க்கு முன்பே அங்கே சிறைப்பட்ட போர்த்துகீசியருக்கு உதவியவர். நகரம் விழுந்ததும் அவரையே பெண்டஹாரா (மலாய் அரசில் தலைமை அமைச்சர்) பதவியில் வைத்தார்கள். புதிதாக வந்தவர்களுக்குக் கப்பல், முதல், வழி எல்லாம் இப்படிப்பட்டவர்கள் மூலமாகத்தான் கிடைத்தன.

போர்த்துகீசியர் எல்லோரும் ஒரே கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவர்களும் அல்ல. நாகப்பட்டினத்திலும் சாந்தோமிலும் குடியேறியவர்களில் பலர் கோவா அதிகாரிகளின் கண்ணில் படாமல் சொந்த வியாபாரம் பார்க்க வந்தவர்கள். கோட்டைத் தலைவர்களே கமுக்கமாக வணிகம் செய்ததும் உண்டு.

அப்புறம் டச்சுக்காரர்கள். ‘அவர்களும் அதே மாதிரிதான்’ என்று ஒரே பட்டியலில் போட்டால் முக்கியமான வித்தியாசம் தொலைந்துவிடும். கடல்வழிச் சீட்டு முறையை அவர்களும் எடுத்துக்கொண்டார்கள், சரி. ஆனால் சரக்கு விளையும் மண்ணையே பிடித்தால் வேலை சுலபம் என்று கணக்குப் போட்டார்கள். மிளகுக்கு அந்தக் கணக்கு செல்லாது. மலபார், சுமத்ரா, ஜாவா என்று பல இடங்களில் விளையும் பொருளை யாரால் பூட்டி வைக்க முடியும்? ஜாதிக்காய் அப்படியல்ல. அன்றைக்கு அது இன்றைய இந்தோனேசியாவின் பாண்டா என்ற சின்னஞ்சிறு தீவுக்கூட்டத்தில் மட்டும்தான் விளைந்தது. 1621இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை ஆளுநர் யான் பீட்டர்சூன் கூன் படையோடு அங்கே இறங்கினார். தீவு மக்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள், பட்டினியில் செத்தார்கள், அல்லது அடிமைகளாகவும் அகதிகளாகவும் வெளியேறினார்கள். தோட்டங்களைக் கம்பெனி தன் ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்து, அடிமைகளை வைத்து விளைவித்தது.